எரியாத விளக்கும் நடுங்கும் முள்ளும்



கடந்த வாரம் என்னிடம் ஒரு கேள்வி வந்தது. வேதத்தைப் பற்றியதன்று, ஒரு காரைப் பற்றியது. நான் நீலகிரியில் ஊழியம் செய்த நாட்களில் அங்கே சபை மூப்பராக இருந்த பெரியவர் ஒருவரின் பேரன் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தாத்தாவின் மாரிஸ் மைனர் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்றில் அதைக் காட்சிக்கு வைக்க விரும்புகிறார். “ஐயா, டேஷ்போர்டுக்குக் கீழே தாத்தா மாட்டிய மூன்று கேஜையும் கழற்றிவிடலாமா? கம்பெனியிலிருந்து வந்தபோது அவை இல்லை. அசல் தோற்றம் கெடுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாத்தாவோடு சேர்ந்து நீங்களும்தானே மாட்டினீர்கள், உங்களைக் கேட்காமல் கழற்ற மனம் வரவில்லை” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் அப்போது கூறினேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்தால் கடிதமாக அனுப்பியிருப்பேன். ஆனால் நம் சபையிலும் தகப்பனார் விட்டுச்சென்ற அம்பாசடரையோ ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ விற்க மனமின்றிக் கொட்டகையில் காத்து வருகிறவர்கள் இருக்கிறீர்கள். அவையும் பிறப்பால் பிரித்தானியக் கார்களே. அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழி வந்தது; ஹெரால்டு, சென்னையில் தயாரான டிரையம்ஃப். ஆகவே உங்களுக்கும் இது பயன்படக்கூடும். தவிர, இதில் நான் அறிக்கையிட வேண்டிய குற்றம் ஒன்றும் இருக்கிறது.

மூப்பரின் கார் 1957-ஆம் ஆண்டின் மாரிஸ் மைனர் 1000. தோட்ட மேலாளராக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, தாயகம் திரும்பும்போது விற்றுச் சென்றது. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த மாரிஸ் மைனர் 1948-இல் லண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. பத்து லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1956-இல் வந்த 1000 என்னும் வகையில் 948 சி.சி. கொள்ளளவுள்ள ஏ-வரிசை எஞ்சின். சாதாரண மக்களுக்கான கார் என்பதால் டேஷ்போர்டின் நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம்தான் இருக்கும். அதற்குள் வேகம் காட்டும் முள், பெட்ரோல் அளவு காட்டும் முள், சிறு விளக்குகள் சில. அவற்றுள் ஒன்று எண்ணெய் அழுத்தத்துக்கான எச்சரிக்கை விளக்கு. எஞ்சினின் வெப்பத்தை அறிய வழியில்லை. டைனமோ எவ்வளவு மின்சாரம் தருகிறது என்றும் தெரியாது.

எண்ணெய், விளக்கு என்றவுடன் பத்துக் கன்னிகைகளின் உவமைக்குப் போகப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை.

2003-ஆம் ஆண்டில் எனக்குச் சொந்த வாகனம் கிடையாது. மலையிலிருந்து கோவை மருத்துவமனைகளுக்குச் சபையாரை அழைத்துச் செல்ல வேண்டிய நாட்களில் மூப்பர் தம் காரின் சாவியைத் தயங்காமல் என் கையில் கொடுப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மாலை, பர்லியாரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, வளைவில் வேகம் குறைந்த நேரத்தில் அந்த எண்ணெய் விளக்கு இருமுறை சிமிட்டியது. வளைவு முடிந்து எஞ்சின் வேகம் கூடியதும் அணைந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. பின்னால் உட்கார்ந்திருந்த நோயாளி அதைக் கண்டு அஞ்சினார். பழைய காருக்கு இது சகஜம் என்று பட்டறையில் யாரோ சொன்னதைக் கேட்டு நானும் அப்படியே நம்பினேன். அடுத்த முறை காரை எடுத்தபோது, பயணிகளின் மன அமைதிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, டேஷ்போர்டின் பின்புறம் கைவிட்டு அந்தச் சிறு பல்பை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூப்பரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, மழை பெய்த ஓர் இரவில், ஒன்பதாவது வளைவுக்கு மேலே எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் எழுந்தது. காரை ஓரம் நிறுத்தினேன். என்னுடன் இருந்த வயதான தம்பதியரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மூப்பர் ஜீப் ஒன்றில் வந்தார். எஞ்சினைக் கிளப்பவில்லை. சாவியை மட்டும் திருப்பினார். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திரும்பியிருக்கும்போது எண்ணெய் விளக்கு எரிந்தே தீர வேண்டும். அந்த விளக்கு உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி அதுதான். டைனமோவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

“ஐயா, ஆயில் விளக்கு எங்கேங்க?” என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எஞ்சினைப் பிரித்தபோது கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளில் மேலுலோகம் தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒரு பேரிங் உருகிக் கிராங்க்கோடு ஒட்டியிருந்தது. கிராங்க்கைத் தீட்டி, அதற்கேற்ற அளவில் புதிய பேரிங்குகள் வாங்கி, எஞ்சினைக் கட்டி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. செலவில் பாதியை நான் பன்னிரண்டு தவணைகளில் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

அந்த ஐந்து மாதங்களின் சனிக்கிழமைகளில் அவர் எனக்குப் பலவற்றைக் கற்றுக்கொடுத்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். விளக்குக்கும் முள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை அவரிடமே அறிந்தேன். எண்ணெய் விளக்கின் சுவிட்ச், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 பவுண்டுக்குக் கீழே போனால்தான் விளக்கை எரிய விடும். ஆனால் அந்த எஞ்சினுக்குச் சாலையில் ஓடும்போது 60 பவுண்டும், நின்று ஓடும்போது 15 பவுண்டும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அழுத்தம் 60-லிருந்து 40-க்கும், அங்கிருந்து 20-க்கும் 10-க்கும் இறங்கிக்கொண்டே வந்தாலும் விளக்கு ஒன்றும் சொல்லாது. பாரம் இழுத்து மலை ஏறும்போது 10 பவுண்டு என்பது பேரிங்குகளுக்குப் பட்டினி. அந்தப் பட்டினியின் காலமெல்லாம் விளக்கு அணைந்தே இருக்கும். எரியும்போது காரியம் பெரும்பாலும் கைமீறியிருக்கும். என் விஷயத்தில் அது சிமிட்டியாவது காட்டியது. நான் அதன் கண்ணைப் பிடுங்கினேன்.

வீடு சந்திக்கச் செல்லும்போது, “நலமா?” என்று கேட்டால், “நலம், ஐயா” என்பீர்கள். நானும் ஜெபித்துவிட்டு எழுந்து வருவேன். பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இப்போது கூடுதலாக அரைமணி நேரம் உட்காருகிறேன். ஏன் இவர் காப்பி கொடுத்தபிறகும் போகாமல் இருக்கிறார் என்று உங்களில் சிலர் வியந்திருக்கலாம்.

எஞ்சின் கட்டி முடிந்ததும் மூப்பர் மூன்று கேஜ்கள் வாங்கினார்: எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் வெப்பம், ஆம்பியர். மூன்றும் 52 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை. மூன்றும் ஸ்மித்ஸ் என்னும் பெயருடையவை. 1851-இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. அந்நாளைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவற்றின் முகத்தில் அதன் பெயரைக் காணலாம். எல்லாம் பழைய இரும்புக் கடைச் சரக்கு. ஆகவே மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதித்தார். பொய் சொல்லும் முள் இருப்பதைவிட முள் இல்லாதிருப்பது நல்லது என்பது அவர் கட்சி, எனதும் அதுவே.

எண்ணெய் கேஜைத் தொழிற்சாலையின் நம்பகமான கேஜ் ஒன்றோடு ஒரே குழாயில் இணைத்து ஒப்பிட்டார். அதற்குள் இருப்பது வளைந்த தட்டையான ஒரு குழாய் மட்டுமே. அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்த நிமிர்வை முள் காட்டும். 1849-இல் யூஜின் பூர்தோன் என்னும் பிரெஞ்சுக்காரர் உரிமம் பெற்ற அமைப்பு இது. பேட்டரியோ மின்கம்பியோ இதற்குத் தேவையில்லை.

வெப்ப கேஜின் உணர்குமிழைக் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரில் விட்டபோது முள் 94-இல் நின்றது. கேஜ் பழுது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மூப்பர் சிரித்துவிட்டார். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குன்னூர் உயரத்தில் சுமார் 94-லேயே கொதித்துவிடும். பழுது கேஜில் இல்லை, என் பள்ளிப் பாடத்தில் இருந்தது.

இனி, மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியவை. உங்கள் காரில் செய்ய எண்ணினால் இவற்றை மெக்கானிக்கிடம் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். எஞ்சின் பிளாக்கில் எண்ணெய் விளக்கின் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டீ இணைப்பைப் பொருத்தி, ஒரு கிளையில் பழைய சுவிட்சும் மறு கிளையில் கேஜின் குழாயும் வர வேண்டும். கேஜ் வந்துவிட்டது என்று விளக்கை நீக்கிவிடக் கூடாது. சாலையைப் பார்க்கும் கண்ணை முள் இழுக்காது, விளக்கு இழுக்கும். அடுத்து, மரை. எட்டில் ஒரு அங்குல இணைப்புகளில் பிரித்தானிய மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரைக்கு 27. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பேனரை நீளமாக்கி முறுக்குகிறவர் பிளாக்கின் மரையைக் கெடுக்கிறார்.

செப்புக் குழாய் எஞ்சினின் அதிர்வில் நாளடைவில் இறுகி, இணைப்பின் அருகே விண்டுபோகும். ஆகையால் மூப்பர் அதைச் சிவக்கக் காய்ச்சி மென்மையாக்கி, தம் கைத்தடியில் மூன்று சுற்றுச் சுற்றி, சுருளாகவே எஞ்சின் பக்கம் விட்டார். நைலான் குழாய் என்றால் புகைக்குழாயின் பக்கமே அண்டக் கூடாது. தகரச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். வெப்ப கேஜின் மெல்லிய குழாயை வெட்டவும் மடிக்கவும் கூடாது. உள்ளே ஈதர் அடைக்கப்பட்டிருக்கிறது; மிஞ்சிய நீளத்தைப் பெரிய வளையமாகச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று யாராவது வெட்டினால் அன்றே கேஜ் மரித்தது.

மின்சார வேலைக்கு முன் பேட்டரியைப் பாருங்கள். 1960-களின் பிற்பகுதி வரை பல பிரித்தானியக் கார்களில் பாசிட்டிவ் முனையே உடலோடு எர்த் ஆகியிருக்கும். ஆம்பியர் மீட்டரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றினால் அது சரியாகிவிடும். இன்றைய மின்னணுப் பொருள் எதையாவது யோசிக்காமல் இணைத்தால் அதுதான் அதன் கடைசி நாள்.

ஆம்பியர் மீட்டர் குறித்து மட்டும் மூப்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். ஸ்டார்ட்டர் இழுப்பதைத் தவிர காரின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் அந்த மீட்டரின் வழியாகப் போய்வருகிறது. சாவியை அணைத்தாலும் அதன் தடித்த கம்பிகளில் பேட்டரியின் வலு இருந்துகொண்டே இருக்கும். ஒரு நட்டு தளர்ந்து தகரத்தைத் தொட்டால் நெருப்பு. வோல்ட் மீட்டருக்கு மெல்லிய கம்பியும் ஒரு ஃபியூஸும் போதும். சாவி திருப்பினால் மட்டும் விழிக்கும். டைனமோ நன்றாக இருக்கிறதா, பேட்டரி தளர்கிறதா என்னும் இரண்டையும் அதுவே சொல்லிவிடும். “ஆம்பியர் பார்த்தே பழகிவிட்டேன் ஐயா, வோல்ட் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது” என்று அவர் மறுத்துவிட்டார். பேரன் விரும்பினால் அந்த ஒன்றை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேஜ்கள் வேண்டாம் என்கிறவர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காருக்குள் எண்ணெய்க் குழாய் வருகிறது. அது விண்டால் கால்மேல் சூடான எண்ணெய் கொட்டும். கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினில் இருக்கும் மூன்றரை லிட்டரும் வெளியே போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்க்காதவர் இதை மாட்டாதிருப்பதே நல்லது. முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டும் பதற்றக்காரர்களையும் அறிவேன். மலை ஏறும்போது வெப்பம் சற்று ஏறுவதும், இறங்கும்போது தணிவதும் இயல்பு. ஒவ்வொரு அசைவுக்கும் காரை நிறுத்துகிறவர் ஊர் போய்ச் சேரமாட்டார். ஒரு கேஜ் மட்டும் திடீரென்று விபரீதமாகக் காட்டினால் முதலில் அந்தக் கேஜையும் அதன் கம்பியையும் சந்தேகிக்கலாம். 1960-களின் நடுவிலிருந்து பல பிரித்தானியக் கார்களில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்து 10 வோல்ட் கொடுக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. இரண்டு முள்ளும் ஒன்றாக மேலே ஏறினால் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் எர்த் விட்டுப்போயிருக்கும். எஞ்சினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம்.

ஆனால் அசல் தோற்றம் என்னும் வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. டேஷ்போர்டைத் துளைத்திருந்தால் நானும் வருந்தியிருப்பேன். மூப்பர் ஒரு துளையும் இடவில்லை. டேஷ்போர்டின் கீழே பொருள் வைக்கும் தட்டில் ஏற்கெனவே இருந்த திருகுகளிலேயே இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்தி அதில் மாட்டினார். அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம், சுவடு தெரியாது. காவ்லி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அந்த எஞ்சினும் புதிதாக இருந்தது. பேரிங் தேயவில்லை, ரேடியேட்டரில் உப்புப் படியவில்லை. புதிய எஞ்சினுக்கு ஒரு விளக்கு போதும் என்று தயாரித்தவர்கள் கணக்கிட்டார்கள். அறுபது எழுபது ஆண்டு ஓடிய எஞ்சினுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இருபது வயதில் ஆண்டுக்கு ஒருமுறைகூட மருத்துவரைப் பார்க்காத நான் இப்போது மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன். அதனால் என் அசல் தோற்றம் கெட்டுவிட்டதாக வீட்டில் யாரும் குறைகூறவில்லை.

ஆகவே பேரனுக்கு நான் சொன்னது இதுதான். காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் லாரியில் திரும்புவதானால், பட்டையோடு கழற்றி வை தம்பி, எண்ணெய்க் குழாயை எடுத்த இடத்தில் டீயின் வாயை முறையாக அடைத்துவிடு, திரும்பியதும் மாட்டிவிடு. ஆனால் தாத்தாவைப்போல் ஓட்டப்போகிறாய் என்றால், பரிசுக்காரர்கள் எத்தனை மதிப்பெண் குறைத்தாலும் கழற்றாதே. அவன் ஓட்டப்போவதாகத்தான் சொன்னான். குன்னூர் வரை மனைவி மக்களோடு ஏறிப்போக வேண்டும் என்பது ஆசையாம். அப்படியானால் வெப்பமான நாடுகளுக்கென்று உள்ள 74 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறதா, 82 டிகிரியா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். வேகமானியின் கேபிளுக்கு கிரீஸ் போடும்போது கீழ்ப்பாதிக்கு மட்டும் போடச் சொன்னேன். மேலே போட்டால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் புகுந்து முள்ளைக் கெடுத்துவிடும். போதகரிடம் ஆலோசனை கேட்டவன் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

பேச்சின் இறுதியில், எண்ணெய் கேஜின் கண்ணாடிமேல் 15-க்கு நேராக ஒரு சிவப்புக் கோடு அழுக்குப்போல் இருக்கிறதே, பெட்ரோல் தொட்டுத் துடைக்கலாமா என்று கேட்டான். எஞ்சின் கட்டி முதன்முறை மலை ஏறிய நாளில், எட்டாவது வளைவில் காரை நிறுத்தி, சூடான எஞ்சின் நின்று ஓடும்போது முள் 18-இல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தோம். மூப்பர் பின்னிருக்கையில் இருந்த தம் மனைவியிடம் நகப்பூச்சுக் குப்பியைக் கேட்டு வாங்கினார். இதற்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது, ஐயா நீங்களே போடுங்கள் என்று தூரிகையை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியதால் கோடு சற்றுச் சாய்ந்துவிட்டது.

அதை மட்டும் துடைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.